கப்பல் பயணிகளுக்கான தொடுதிரை வரைபடம்: அறிகுறியிலிருந்து பிழைக்கு

மொரீஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்தில் பயணிகள் கப்பல் ஒன்று கட்டி நிற்கும் நேரம் பெரும்பாலும் ஒரு பகற்பொழுதைத் தாண்டுவதில்லை. அதற்குள் பாதுகாப்புச் சோதனையைக் கடந்து மேலே ஏறி, பழுதான தொடுதிரை வரைபடத்தைப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்து, ஏணி தூக்கப்படும் முன் இறங்கிவிட வேண்டும். இந்த அவசரத்தில் கைக்குக் கிடைத்த அமைப்பையெல்லாம் மாற்றிப் பார்க்கத் தோன்றும். அப்படி மாற்றியதால் ஒரு பழுது இரண்டான அனுபவம் எனக்கும் உண்டு. ஆகவே இந்த வழிமுறையைப் பாகங்களின் வரிசையில் எழுதாமல், பயணி வந்து சொல்லும் குறையின் வரிசையில் எழுதியிருக்கிறேன்.

வரைபடம் என்று இங்கே நான் சொல்வது மூன்று படங்களை: கப்பலின் தளங்களைக் காட்டும் உள்வரைபடம், கடலில் கப்பல் இருக்குமிடத்தைக் காட்டும் பயண வரைபடம், இறங்கிச் சுற்றிப் பார்ப்பதற்கான நகர வரைபடம். மூன்றும் ஒரே திரையில் இருந்தாலும் அவற்றின் தரவு வெவ்வேறு இடங்களிலிருந்து வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

திருப்புளியை எடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். குறை ஒரே திரையில் இருக்கிறதா, எல்லாத் திரைகளிலும் இருக்கிறதா? ஒரே திரை என்றால் கண்ணாடி, கம்பி, அந்தத் திரைக்கென்று எழுதிவைத்த இடவிவரம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. எல்லாத் திரைகளிலும் ஒரே குறை தெரிந்தால் சர்வரில் உள்ள தரவைப் பார்க்க வேண்டும்; கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அறிகுறி: தொட்ட இடம் ஒன்று, திறப்பது வேறொன்று

திரையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சிறு காகிதப் பொட்டுகளை ஒட்டி, ஒவ்வொன்றையும் தொட்டு, தொடுகை பதிவாகும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து இடங்களிலும் ஒரே அளவு, ஒரே திசையில் விலகல் இருந்தால் அளவுதிருத்தம், அதாவது தொடுகையைப் படத்தோடு மறுபடி பொருத்துவது, செய்தாலே போதும். நடுவில் சரியாக இருந்து ஓரங்களுக்குப் போகப் போக விலகல் கூடினால், திரையின் தெளிவளவு (புள்ளிகளின் எண்ணிக்கை) ஒன்றாகவும் தொடுபலகைக்குச் சொல்லப்பட்ட தெளிவளவு வேறாகவும் இருக்கிறது. மேல்-கீழ் அசைவு இடம்-வலமாகப் பதிவானால், படத்தை நிமிர்த்தி நிறுத்தியவர் தொடுபலகையை நிமிர்த்த மறந்துவிட்டார். காட்சியைத் திருப்பும் கட்டளை பல அமைப்புகளில் தொடுகையைத் திருப்புவதில்லை. அதற்குத் தனியாக ஓர் உருமாற்றக் கட்டம் (மேட்ரிக்ஸ்) உண்டு, அதையும் அதே கோணத்துக்கு மாற்ற வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. உயரமானவர் தொட்டால் சரியாக வருகிறது, சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் தொட்டால் ஒரு வரி தள்ளிப் போகிறது. காட்சிப் பலகைக்கும் மேல்கண்ணாடிக்கும் இடையே தடித்த இடைவெளி இருக்கும்போது, சாய்வாகப் பார்ப்பவரின் கண்ணுக்குப் பொத்தான் இடம் மாறித் தெரிவதால் இது நேர்கிறது. அளவுதிருத்தத்தால் இது தீராது. பொத்தான்களைப் பெரிதாக்கி இடைவெளியைக் கூட்டுவதே வழி. 1080 புள்ளி அகலத்தில் நிமிர்த்தி வைத்த 32 அங்குலத் திரையில் 44 புள்ளி அளவுள்ள பொத்தான் ஏறத்தாழ 16 மி.மீ. இருக்கும், 55 அங்குலத் திரையில் அதே பொத்தான் 28 மி.மீ. ஆகிவிடும்; ஆகையால் புள்ளிக் கணக்கை நம்பாமல், அளவுகோலை எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்து அளந்து பாருங்கள். ஆடும் தரையில் ஒரு கையால் கைப்பிடியைப் பற்றியபடி நிற்பவருக்கு 20 மி.மீ.-க்குக் குறைந்த பொத்தானை நான் வைப்பதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவரின் கை எட்டும் உயரத்துக்கு அமெரிக்க விதிகள் வைத்திருக்கும் மேல் எல்லை தரையிலிருந்து 48 அங்குலம், அதாவது சுமார் 1220 மி.மீ. தேடல் பெட்டியை அதற்கு மேலே கொண்டுபோய் அழகாக நடுவில் நிறுத்திய வடிவமைப்புகளைப் பழுதின் பட்டியலிலேயே சேர்க்க வேண்டும்.

அறிகுறி: யாரும் தொடாமலே திரை தானாக இயங்குகிறது

நீச்சல்குளத் தளத்தில் இது அன்றாடம் நடக்கும். மின்தேக்க வகைத் தொடுதிரையில் நீர்த்துளி விழுந்தால், குறிப்பாக உப்பு நீர் விழுந்தால், அது விரலைப் போலவே பதிவாகும். கட்டுப்பாட்டுச் சில்லில் நீர் விலக்கும் முறை இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் திரையைக் கூரைக்குக் கீழே நகர்த்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அகச்சிவப்புச் சட்டம் பொருத்திய திரையில் துளியைவிட வெயில்தான் எதிரி. மாலைச் சூரியன் சாய்ந்து சட்டத்துக்குள் புகும் அந்த அரை மணி நேரம் மட்டும் திரை பித்துப் பிடித்ததுபோல் பக்கம் புரட்டும், இருட்டியதும் அடங்கிவிடும். காலையில் சோதிக்க வரும் உங்களுக்கு அது ஒருநாளும் தென்படாது. ஆகவே குறை நிகழ்ந்த நேரத்தையும் அப்போது கப்பல் எந்தத் திசை நோக்கிச் சென்றது என்பதையும் ஊழியரிடம் கேட்டுப் பெறுங்கள்.

ஒரே இடத்தில் விடாமல் தொடுகை பதிவானால் சட்டத்தின் மூலையைப் பாருங்கள். உப்பு வெண்மையாகப் படிந்து ஒரு கதிரை மறைத்திருக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புமணி கண்ணாடியைக் கீறும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியை முதலில் ஒற்றி எடுத்து, பிறகு துடைக்க வேண்டும்.

நீரும் இல்லை, வெயிலும் இல்லை, ஆனாலும் தொடுகை திரை முழுவதும் சிதறிப் பதிவாகிறது என்றால் மின்வழங்கியின் இரைச்சலைச் சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய எளிய வழி, திரையின் உலோகச் சட்டத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு மறு கையால் தொட்டுப் பார்ப்பது. பற்றியதும் தொல்லை குறைந்தால் சட்டம் கப்பலின் உடலோடு சரியாக இணைக்கப்படவில்லை. அந்த இணைப்பை நீங்களே போடாதீர்கள். பல கப்பல்களின் மின்னமைப்பு, கரையில் நாம் பழகியதைப் போல நியூட்ரலை நிலத்தோடு கட்டிவைப்பதில்லை. மின் அதிகாரியை அழைத்து அவர் கையால் செய்விப்பதுதான் முறை.

அறிகுறி: எத்தனை முறை தொட்டாலும் திரை அசையவில்லை

ஒருமுறை, மகளோடு பயணம் வந்திருந்த நாகப்பட்டினத்துப் பெரியவர் ஒருவர், வலை இழுத்தே காய்த்துப்போன விரலால் உணவகத்தின் பெயரை ஐந்தாறு தடவை அழுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, இந்தக் கண்ணாடி என்னை ஆளாவே மதிக்க மாட்டேங்குது” என்றார். நான் தொட்டேன், திறந்தது. காய்ப்பு ஏறிய, உலர்ந்த தோல் மின்தேக்கத் திரைக்குச் சரியாகப் புலப்படுவதில்லை என்பதை அன்று கண்ணால் கண்டேன். குளிரூட்டப்பட்ட கூடத்தில் நாளெல்லாம் இருக்கும் முதியவர்களுக்கும் இதே தொல்லை வரும். உணர்திறனை ஒரு படி கூட்டுங்கள்; ஆனால் அதே மதிப்பை நீச்சல்குளத் தளத்துத் திரைக்கும் அனுப்பிவிட்டால் அங்கே நீர்த்துளிகள் ஆட்டம் போடும். உணர்திறன் திரைக்குத் திரை தனியாக இருக்க வேண்டிய மதிப்பு.

துறைமுகத்தில் வேலை செய்து, கடலில் மட்டும் செத்துப்போகும் திரை என்றால் அதிர்வால் யூஎஸ்பி இணைப்பு தளர்ந்திருக்கும். திருகு வைத்து இறுக்கும் வகை இணைப்பானைப் போடுங்கள். கம்பி 5 மீட்டரைத் தாண்டியிருந்தால் இடையில் வலுவூட்டி இல்லாமல் விடாதீர்கள்.

அறிகுறி: “நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்” என்ற புள்ளி சரி, ஆனால் பயணி எதிர்த்திசையில் நடக்கிறார்

கப்பலின் உள்வரைபடத்தில் பயணியை மிக அதிகமாக அலைக்கழிப்பது இந்தப் பிழைதான், ஆனால் திரையைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். வடிவமைப்பாளர் எல்லாத் திரைகளிலும் அணியம், அதாவது கப்பலின் முன்முனை, மேலே இருக்கும்படி வரைந்திருப்பார். அணியத்தை நோக்கி நிற்பவருக்கு அது பொருந்தும். வலப்பக்கச் சுவரை நோக்கி நிற்பவருக்கு அணியம் அவருடைய இடக்கைப் பக்கம் இருக்கிறது. படத்தில் அது மேலே இருந்தால், அவர் மனத்துக்குள் படத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. பலரால் அது இயலாது, இயலவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள கப்பலில் தவறான முனைக்கு நடந்துபோன பாட்டி திரும்பி வருவதற்குள் நாடகம் தொடங்கிவிடும்.

சோதனை எளிது. திரைக்கு முன் நின்று இடக்கையை நீட்டுங்கள். உங்கள் இடக்கை காட்டும் பக்கம் கப்பலில் எதுவோ, அதுவே படத்தின் இடப்பக்கத்திலும் இருக்க வேண்டும். வலப்பக்கத்தை நோக்கி நின்றால் அணியம் இடத்தில், இடப்பக்கத்தை நோக்கி நின்றால் அணியம் வலத்தில், பின்முனையை நோக்கி நின்றால் பின்முனை மேலே. மின்தூக்கிக் கூடத்தில் முதுகோடு முதுகாக நிற்கும் இரு திரைகளுக்கு ஒரே அமைப்புக் கோப்பை நகலெடுத்துவிடுவது வழக்கமான தவறு. அவற்றில் ஒன்று கட்டாயம் 180 பாகை தவறியிருக்கும். தீர்வாக, ஒவ்வொரு திரையின் பதிவிலும் தளம், அணியத்திலிருந்து உள்ள தொலைவு, பக்கம், பார்ப்பவர் நோக்கும் கோணம் ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள். பழுதான திரையைக் கழற்றி வேறிடத்தில் மாட்டுகிறவர் கோணத்தை மாற்ற மறந்துவிடுவார் என்பதால், திரையின் பின்புறத்தில் ஒரு சீட்டு ஒட்டி அந்தக் கோணத்தை அம்புக்குறியாக வரைந்து வைப்பது என் வழக்கம்.

அறிகுறி: 14-ஆம் தளத்தைத் தொட்டால் 15-ஆம் தளம் திறக்கிறது

12 வரை சரியாக வந்து அதற்கு மேல் ஒன்று தள்ளிப்போனால் காரணம் உடனே தெரிந்துவிடும்: அந்தக் கப்பலில் 13-ஆம் தளமே இல்லை. பல கப்பல்கள் அந்த எண்ணைத் தவிர்க்கின்றன. இத்தாலிய வழக்கைப் பின்பற்றுபவற்றில் 17 விடுபட்டிருக்கும். நிரல் எழுதியவர் தளத்தின் பெயரையும் வரிசை எண்ணையும் ஒன்றாகக் கருதியிருப்பார். தளப்பெயரை எழுத்தாகவும், வரிசையைத் தனி எண்ணாகவும் பிரித்து வைத்தால் தீரும். கேபின் எண்ணின் முதல் இலக்கத்தைத் தளமாக எடுத்துக்கொள்ளும் நிரலிலும் இதே போன்ற கோளாறு உண்டு. 9-ஆம் தளம் வரை சரியாக நடந்து, 10045 என்ற கேபினைத் தேடியவரை முதல் தளத்துக்கு அனுப்பிவிடும்.

அறிகுறி: பயண வரைபடத்தில் கப்பல் இருக்கக் கூடாத இடத்தில் நிற்கிறது

எந்த இடத்தில் தவறாக நிற்கிறது என்பதே எந்தத் தவறு என்பதைச் சொல்லிவிடும் அறிகுறி இது. எனவே கப்பல் போர்ட் லூயியில் கட்டி நிற்கும்போதே சோதித்து முடித்துவிடுங்கள், ஏனெனில் உண்மையான இடம் உங்கள் காலடியிலேயே இருக்கிறது. துறைமுகத்தின் ஆயங்கள் ஏறத்தாழ தெற்கு 20 பாகை 9.7 கலை, கிழக்கு 57 பாகை 30.2 கலை (ஒரு பாகைக்கு 60 கலை).

கப்பல் ஓமான் நாட்டுப் பாலைவனத்தில் நின்றால், தெற்கு என்னும் குறி தொலைந்துவிட்டது. ஜிபிஎஸ் கருவி அகலாங்கை (அட்சரேகையை) எண்ணாகவும் தெற்கு, வடக்கு என்பதைத் தனி எழுத்தாகவும் அனுப்புகிறது. எழுத்தைப் படிக்காத நிரலுக்கு உலகம் முழுவதும் வட அரைக்கோளம்தான். வட அரைக்கோளத்தில் எழுதிச் சோதித்த நிரல் அங்கே ஒருநாளும் தவறுவதில்லை, நம் பக்கம் வந்த பிறகுதான் மாட்டிக்கொள்ளும்.

கப்பல் ஐஸ்லாந்துக்குத் தெற்கே வட அட்லாண்டிக்கில் மிதந்தால், அகலாங்கும் நெட்டாங்கும் (தீர்க்கரேகையும்) இடம் மாறியிருக்கின்றன. மாலுமிகளும் கடல் வரைபடங்களும் அகலாங்கை முதலில் சொல்வார்கள். ஜியோஜேசன் என்னும் கோப்பு வடிவம் நெட்டாங்கை முதலில் எழுதுகிறது. கப்பலைச் செலுத்தும் அறையான பாலத்திலிருந்து வரும் தரவையும் வரைபட நிரலையும் இணைக்கும் ஒரே ஒரு வரியில் இந்த இடமாற்றம் செய்யப்பட வேண்டும். இரண்டு இடத்தில் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

கப்பல் கடலிலேயே, ஆனால் மேற்கே 21 கி.மீ. அளவிலும் வடக்கே 7 கி.மீ. அளவிலும் தள்ளி நின்றால், இதுதான் மூன்றிலும் நயவஞ்சகமானது, ஏனெனில் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. கருவி அனுப்பும் 2009.7 என்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பாகை, மீதி 9.7 என்பது கலை. அதை 60-ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டினால் 20.16 பாகை கிடைக்கும். வகுக்காமல் புள்ளியை மட்டும் இடம் மாற்றியவருக்கு 20.097 கிடைக்கும். நெட்டாங்கில் 57 பாகை 30.2 கலை என்பது 57.503 ஆக வேண்டியது, 57.302 ஆகிவிடும். கலை 0-க்கு அருகில் இருக்கும்போது இந்தப் பிழை மிகச் சிறியதாகவும், 60-ஐ நெருங்கும்போது மிகப் பெரியதாகவும் இருப்பதால், கப்பல் சீராகச் செல்லச் செல்ல, திரையில் அது மெதுவாக ஊர்ந்து, பாகை மாறும் கணத்தில் திடீரென்று ஒரு தாவு தாவும். பயணத்தின்போது “கப்பல் குதிக்கிறது” என்று யாராவது சொன்னால் வேறெங்கும் தேடாமல் நேரே இந்த வகுத்தலைப் பாருங்கள்.

விலகல் சில நூறு மீட்டர் மட்டும், எப்போதும் ஒரே திசையில், அதுவும் மொரீஷியஸ் வரைபடத்தில் மட்டும் என்றால், அடிப்படை வரைபடம் பழைய உள்ளூர் அளவையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். இங்கே லெ பூஸ் 1934 என்ற அளவை அடிப்படையும், ரீயூனியனில் பித்தோன் தெ நேழ் மலையை மையமாகக் கொண்ட 1947-ஆம் ஆண்டு அடிப்படையும் இருந்தன. ஜிபிஎஸ் தருவதோ டபிள்யூஜிஎஸ் 84 என்னும் உலகப் பொது அடிப்படை. வரைபடத்தை உரிய முறையில் உருமாற்றித் தரச் சொல்லுங்கள். கையால் கப்பலைக் கொஞ்சம் நகர்த்தி ஒட்டவைக்காதீர்கள். நகர்த்திய அளவு அடுத்த தீவில் உங்களுக்கே பகையாகும். விலகல் நூறு மீட்டருக்கும் உட்பட்டு, அணியம் மட்டும் கரையேறித் தெரிந்தால் பிழை எதுவும் பெரிதாக இல்லை: ஜிபிஎஸ் ஆன்டெனா கப்பலின் நடுவில் இல்லை என்பதை வரைந்தவர் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கட்டி நிற்கும் கப்பலின் படம் பம்பரம்போல் சுழல்கிறது என்றும் சிலர் சொல்வார்கள். நகரும் திசையைக் கொண்டு கப்பலின் முகத்தைத் தீர்மானித்தால் இப்படித்தான் ஆகும். நிற்கும் கப்பலுக்கு நகரும் திசை என்று ஒன்று இல்லை, ஜிபிஎஸ்ஸின் சிறு தடுமாற்றமே திசையாகக் கணக்கிடப்படுகிறது. சுழல்திசைகாட்டி தரும் முகத்திசையைப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தத் தரவு பாலத்திலிருந்து ஒருவழியாக மட்டுமே வரட்டும். பயணிகள் தொடும் திரையிலிருந்து கப்பலைச் செலுத்தும் வலையமைப்புக்குத் திரும்பிப் போகும் பாதை ஒன்று இருந்தால், மற்ற எல்லாப் பழுதுகளையும் விட்டுவிட்டு அதை முதலில் அடைக்க வேண்டும். 2021 முதல் இணையப் பாதுகாப்பு கப்பலின் பாதுகாப்பு மேலாண்மையில் சேர்க்கப்பட்டுவிட்டதால், அதிகாரிகளும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அறிகுறி: நகர வரைபடத்தில் சாம்பல் கட்டங்கள்

துறைமுகத்தில் நன்றாகத் திறந்து நடுக்கடலில் சாம்பலாகிறதென்றால், படத்துண்டுகள் கப்பலுக்குள் சேமிக்கப்படாமல் கரையிலிருந்து இழுக்கப்படுகின்றன. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது, ஒரு துண்டைக் கேட்டுப் பெறவே அரை நொடிக்கு மேலாகும், ஒரு திரைக்குப் பல துண்டுகள் வேண்டும். தாழ்வாகச் சுற்றும் புதிய செயற்கைக்கோள்களால் காத்திருப்பு குறைந்திருக்கிறது என்றாலும், பயணிகள் அனைவரும் காணொளி பார்க்கும் இரவு எட்டு மணிக்கு அந்த அலைவரிசையில் வரைபடத்துக்கு இடம் கிடைக்கும் என்று நம்பிவிட முடியாது.

சேமித்து வைப்பது நினைப்பதைவிடச் சிறிய வேலை. மொரீஷியஸ் தீவு ஏறத்தாழ 65 கி.மீ. நீளமும் 45 கி.மீ. அகலமும் உடையது, 16-ஆம் பெருக்க நிலையில் ஒரு துண்டு இங்கே 575 மீட்டர் அளவுக்கு மூடுகிறது என்பதால், தீவு முழுவதற்கும் சுமார் 9,000 துண்டுகள் போதும். ஒரு நிலை மேலே போனால் நான்கு மடங்காகும். ஆகவே 17-ஐயும் 18-ஐயும் போர்ட் லூயி நகர மையத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். திறந்த இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொதுச் சர்வரிலிருந்து மொத்தமாக இறக்குவதை அவர்களுடைய விதி தடுக்கிறது. தரவை எடுத்து நீங்களே துண்டுகளை உருவாக்க வேண்டும், மூலத்தின் பெயரையும் திரையில் காட்ட வேண்டும். சேமித்தது பழசாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்: வரைபடத்தில் மெட்ரோ பாதை தென்படவில்லையென்றால் அது 2019-க்கு முந்தைய சேமிப்பு.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் உடைகின்றன, தேடினால் ஒன்றும் வருவதில்லை

டர்பனிலிருந்தும் ரீயூனியனிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் குடும்பங்களுக்காகத் தமிழையும் சேர்க்கச் சொல்வது எனக்கு மகிழ்ச்சியான வேலை. அதில்தான் நுணுக்கமான பழுதுகளும் இருக்கின்றன. வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை, நிறுவினால் முடிந்தது. பொத்தான்களில் தமிழ் சரியாகவும் வரைபடத்தின் மேல் உள்ள பெயர்களில் மட்டும் உடைந்தும் தெரிந்தால் கதை வேறு. நகரும் வரைபடத்தை வரையும் சில நிரல்கள், மேப்லிப்ரே உட்பட, எழுத்தை ஒவ்வொரு குறியாக எடுத்து வரிசையாக ஒட்டுகின்றன. லத்தீன் எழுத்துக்கு அது போதும். “கொடிமேடை” என்று எழுத, கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் வர வேண்டும். “லூயி”யில் ஊகாரக் குறி லகரத்தோடு ஒட்டி உருமாற வேண்டும். அந்த நிரலுக்கு இது தெரியாததால் கொம்பு ஓரிடத்தில், கால் வேறிடத்தில் என்று தெரியும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு பகலை வீணாக்காதீர்கள். பெயர்களை முன்கூட்டியே படமாக வரைந்து வைப்பது அல்லது பிரவுசரின் சாதாரண எழுத்துப் பெட்டியாக வரைபடத்தின் மேல் மிதக்கவிடுவது ஆகிய இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்.

தேடலில் வேறு மூன்று பொறிகள் உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வெவ்வேறு. தரவையும் தேடும் சொல்லையும் யூனிகோட் சீர்வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். இரண்டாவது, ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுவது. இதைச் சீர்வடிவம் திருத்தாது, நீங்கள்தான் ஒரு விதி எழுத வேண்டும். மூன்றாவது ஊர்ப்பெயர்கள். இங்கே பிரெஞ்சு ஒலிப்பில் போர் லூயி என்போம், தமிழ்நாட்டுப் பாடநூல் படித்தவர் போர்ட் லூயிஸ் என்று தேடுவார். கைலாசன் கோவில் என்றும் கைலாசம் கோயில் என்றும் மீனாட்சி அம்மன் கோயில் என்றும் தேடப்படுவது ஒரே கோயில்தான். ஒவ்வோர் இடத்துக்கும் மாற்றுப்பெயர்ப் பட்டியல் ஒன்று கட்டாயம் வேண்டும்.

மொழியைத் தேர்ந்தெடுக்கக் கொடிகளை வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். தமிழுக்கு எந்தக் கொடியைப் போடுவீர்கள்? ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் சொந்த எழுத்தில் இருக்கட்டும். வரிசையையும் அலட்சியமாக முடிவுசெய்ய வேண்டாம். 1998-இல் இந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் வரி தன் பழைய இடத்திலிருந்து கீழே இறக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால் அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. திரையில் அகர வரிசை, பேசுவோர் தொகை என ஏதேனும் ஒரு முறையைச் சொல்லி வையுங்கள்; காரணம் கேட்டால் சொல்ல உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

அறிகுறி: ஏற வேண்டிய நேரம் ஒரு மணி தள்ளிக் காட்டுகிறது

டர்பன் உலக நேரத்துக்கு 2 மணி முன், மடகாஸ்கர் 3, மொரீஷியஸும் ரீயூனியனும் 4. கப்பல் தன் கடிகாரத்தை எப்போது மாற்றுவது என்பது தலைவரின் முடிவு. பயணியின் கைப்பேசியோ கரையின் கோபுரத்தைக் கண்டதும் தானே மாறிவிடும். ஆகவே நேரத்தைக் கணினியின் இடஅமைப்பிலிருந்து எடுக்காமல் கப்பலின் கடிகாரச் சர்வரிலிருந்து எடுத்து, பக்கத்திலேயே “கப்பல் நேரம்” என்று எழுதிக் காட்டுங்கள். மொரீஷியஸ் 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை கோடைக்கால நேரத்தைக் கடைப்பிடித்துக் கைவிட்டது; அந்தக் காலத்துப் பழைய நேரக்கோப்போடு ஓடும் கணினி கோடை வந்ததும் ஒரு மணி முன்னால் ஓடினால் வியக்க வேண்டாம், கோப்பைப் புதுப்பியுங்கள்.

அறிகுறி: வழிகாட்டல் பயணியைப் பூட்டிய கதவிடம் கொண்டுபோய் விடுகிறது

தளப்படத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு அறைகளுக்கு இடையே நடக்க வழி இருக்கும் என்று நிரல் எண்ணிக்கொள்கிறது. நடுவில் சமையற்கூடம் இருந்தால் பின்முனை உணவகத்துக்கு ஒரு தளம் ஏறி, நடந்து, மீண்டும் இறங்கித்தான் போக முடியும். ஊழியர் கதவுகள், காட்சி நடக்கும்போது மூடும் அரங்கு வாசல், படிகள் உள்ள இணைப்புகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பாதைத் தரவில் குறி இட வேண்டும். நடந்து பார்க்காமல் இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. அவசரகாலக் கூடுமிடத்துக்கு இந்த நிரலைக் கொண்டு வழி காட்டவே கூடாது. ஒப்புதல் பெற்ற பாதுகாப்பு வரைபடத்தின்படி சுவரில் உள்ள குறிகளே வழி. எச்சரிக்கை மணி ஒலித்ததும் திரை அந்த அறிவிப்பை மட்டும் காட்டி ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

இறங்கும் ஏணி எந்தத் தளத்தில் என்பதில் நேரும் தவறு தனி வகை. போர்ட் லூயியில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது, காலையில் வைத்த ஏணி மாலையிலும் அதே தளத்தில் இருக்கும். டர்பனில் உவாநீர்க் காலத்தில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில், நீர்மட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் மாறுவதால், காலையில் 4-ஆம் தளத்தில் இருந்த ஏணி மதியத்துக்குப் பிறகு 5-ஆம் தளத்துக்குப் போய்விடலாம். இதைத் தரவில் நிலையாக எழுதிவைத்தால் கட்டாயம் தவறும். ஏணியை நகர்த்தும் அதிகாரியே தன் கைக்கருவியில் தளத்தைத் தட்டி மாற்றும்படி ஒரே ஒரு பொத்தான் கொடுங்கள். மாற்றிய பிறகு ஏணிக்கு அருகில் உள்ள திரையில் அல்ல, அங்கிருந்து மிகத் தொலைவில் உள்ள திரையில் போய் அது மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.